அனேகமாவுக்கு ஸ்நானம் உண்டா?

இருபத்து மூன்றாம் வயதில் எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பி.ஏ. பட்டமும் ஓர் ஏணியும் இருந்தன. பட்டம் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பல்லி குடும்பம் நடத்தியது. அந்தப் பட்டத்தால் பலன் கண்ட ஒரே ஜீவன் அதுதான்.

ஏணியை நான் தினமும் கரும்பலகையில் வரைந்தேன். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த ட்யூட்டோரியலில் நான் இங்கிலீஷ் வாத்தியார். பரீட்சையில் தவறியவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். அவர்களுக்கு எதைச் சொன்னாலும் ஒரு படமாகச் சொல்லவேண்டும். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சொல்ல வெள்ளைக்காரன் வைத்திருக்கும் வார்த்தைகளை நான் ஏணிப் படிகளாக அடுக்கினேன். உச்சியில் ஸர்ட்டன். அதற்குக் கீழே ப்ராபபிள். அடுத்து லைக்லி, அதற்கும் கீழே பாஸிபிள், இன்னும் கீழே இம்ப்ராபபிள். தரையில் இம்பாஸிபிள். ப்ராபபிளுக்கு மேலே லைக்லியா, கீழேயா என்பதில் ட்யூட்டோரியல் முதலாளிக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை உண்டு. சம்பளம் கேட்கும் நாட்களில் மட்டும் நான் லைக்லியை ஒரு படி மேலே ஏற்றிக்கொடுப்பேன்.

உப்பிலியபுரத்திலிருந்து வந்து தங்கிப் படித்த ஒருவன், என்னைவிட மீசை பெரியவன், ஒருநாள் எழுந்து கேட்டான்: "நான் பாஸ் பண்றது எந்தப் படிங்க சார்?"

வகுப்பு சிரித்தது. நான் சாக்பீஸை லைக்லியில் வைத்தேன். மனதுக்குள் அது இரண்டு படி கீழே இருந்தது.

இப்படி உலகத்தில் நடக்கக்கூடியவை, கூடாதவை எல்லாவற்றையும் படிவாரியாகப் பிரித்து வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறிக் காவிரியைத் தாண்டி வீட்டுக்கு வருவேன். வீடு என்னுடையதல்ல. அக்கா புகுந்த வீடு. எங்கள் பெற்றோர் காலமாகிவிட்டதால் நான் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அக்கா, அவளுடைய மாமியார், அக்காவின் கணவரான அத்திம்பேரின் அண்ணா ஆகிய மூவரும் இருந்தார்கள். அத்திம்பேர் மட்டும் இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அப்படிச் சொல்லமாட்டார்கள். அரிசி தீர்ந்துபோனால்கூட "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொல்லும் வீடு அது. அத்திம்பேரைப் பற்றிக் கேட்டால் "ரங்கூன்ல இருக்கான்" என்பார்கள். யுத்தத்துக்கு முன்னால் அவர் ரங்கூனில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனார். ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று அக்காவை அனுப்புவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அதற்குள் குண்டு விழுந்தது. ரங்கூனிலிருந்து ஜனங்கள் மலையும் காடுமாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அந்த நடையில் அத்திம்பேரும் கிளம்பினார் என்பது தெரியும். வந்து சேரவில்லை என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்பது தெரியாது. அப்போது அக்காவுக்குப் பதினாறு வயது.

நான் வகுப்புக்காகக் காகிதத்தில் ஏணியை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் படிப்பில் ருசி அதிகம், படிக்கவைத்தவர்கள் குறைவு.

"பால் பொங்கறது எந்தப் படிடா?"

"நீ பக்கத்துல நின்னா பாஸிபிள். அந்தண்டை போனா ஸர்ட்டன்."

"நீ ஆத்துக்குச் சீக்கிரம் வரேன்னு சொல்லிட்டுப் போறது?"

"அது ப்ராபபிள்."

"அப்போ ப்ராபபிள்னா பொய்யா?"

இந்த மாதிரிப் பேச்சு எங்களுக்குள் ஒரு விளையாட்டாக இருந்தது. ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "உன் அத்திம்பேர் எந்தப் படியில இருக்கார்?"

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வருஷம் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. காணாமற்போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் அவன் போய்விட்டான் என்றே கொள்ளவேண்டும் என்பது அவர்கள் ஒப்புக்கொண்ட சாஸ்திரம். தர்ப்பையும் இலையும் கொண்டு அவன் உருவத்தைச் செய்து, அதைத் தகனம் பண்ணி, பிறகு வருஷா வருஷம் திதி கொடுக்கவேண்டும். புரட்டாசியில் முன்னோர்களுக்கான பட்சம் வருகிறது, மஹாளய அமாவாசைக்கு முன் முடித்துவிடலாம் என்று மூத்தவர், அதாவது அத்திம்பேரின் அண்ணா, புரோகிதரை வரவழைத்தார்.

மூத்தவரைக் கெட்டவராக நினைத்துவிட வேண்டாம். காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் வேலை பார்த்தார். மனைவியை இழந்தவர், குழந்தையில்லை. "நானும் போயிட்டா அவனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும் விட யார் இருக்கா? என் தம்பி தாகத்தோட அலையணுமா?" என்று அவர் கேட்டபோது, அவருடைய தொண்டைதான் வறண்டுபோயிருந்தது.

ஆனால் அந்த உருவம் எரியும் நாளில் அக்காவின் திருமாங்கல்யம் இறங்கும், குங்குமம் அழியும். மாமியார் விதவைக்குரிய நார்மடியும் மழித்த தலையுமாக அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்ன ஆவாள் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"தலைமயிர் விஷயம்?" என்று நான் கேட்டேன்.

"இந்தக் காலத்துல அதெல்லாம் அனேகமா வேண்டாம்" என்றார் புரோகிதர்.

அனேகமா. என் ஏணியில் இரண்டாவது படி. வகுப்பில் அது எவ்வளவு உயரமாகத் தெரிந்தது!

எனக்கு அப்போது சாமர்த்தியம் காட்டும் வயது. "எல்லாம் பண்ணின பிற்பாடு ஆசாமி வாசல்ல வந்து நின்னா?" என்றேன்.

புரோகிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கும் விதி இருக்கு. வந்தவன் மறுபடி பிறந்தவன். பிறந்த குழந்தைக்குப் பண்ற ஜாதகர்மத்துலேர்ந்து ஒவ்வொண்ணா திரும்பப் பண்ணணும். பூணூல் போட்டு, அதே பெண்ணை மறுபடி கல்யாணம் பண்ணிவைக்கணும்" என்றார். பெரியவர்கள் 'ஒருவேளை'க்குக்கூட மந்திரம் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் மண்டிக்குக் காய் வாங்க வரும் ஒரு சமையல்காரர் மூத்தவரிடம் ஒரு செய்தி சொன்னார். கிராப்பட்டிப் பக்கம் ஒரு சட்டைக்காரத் துரை, அதாவது ஆங்கிலோ-இந்தியர், தன் தங்கை வீட்டில் வந்து இருக்கிறார்; ரங்கூனில் இருந்தவர்; அதே கம்பெனி. "ஒரு ஐயங்கார் புள்ளையோட நடந்து வந்தேன்னு சொல்வாருங்க. அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு" என்றாராம்.

போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. துரைக்குத் தமிழ் அரைகுறை, மூத்தவருக்கு இங்கிலீஷ் அதிலும் அரை. நடுவில் துபாஷியாக நான். துரை, தம்பி போய்விட்டான் என்று சொன்னால் கர்மா நடக்கும். இருக்கிறான் என்றால் நடக்காது. மூத்தவர் இவ்வளவு தெளிவாக விஷயத்தை இரண்டாக வெட்டிக் கையில் வைத்திருந்தார்.

கிளம்பும்போது அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, "மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துண்டு போகச் சொல்லுடா" என்றாள். மூத்தவருக்கான பேச்சு அது. கணவனின் அண்ணாவோடு நேராகப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. எத்தனையோ வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் அவருக்குச் சொல்லவேண்டியதெல்லாம் என்னைப் பார்த்தோ, தூணைப் பார்த்தோதான் சொல்வாள். அவரும் தூணுக்கே பதில் சொல்வார்.

நான் வாசலில் இறங்கி வானத்தைப் பார்த்தேன். படித்தவன் பார்க்கும் பார்வை. "இம்ப்ராபபிள்" என்று தீர்ப்பளித்தேன். குடை ஆணியிலேயே தொங்கியது.

துரையின் வீடு ஓட்டு வீடு, ஜன்னலில் லேஸ் திரை. மெலிந்த மனிதர்; முழங்காலில் ஒரு பூனை. எங்களைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது போலிருந்தது. அத்திம்பேருக்கும் மூத்தவருக்கும் ஒரே மூக்கு.

டீ வந்தது. மூத்தவர் என் காதருகில், "தீர்த்தம்கூட வேண்டாம்னு சொல்லு. ஆனா மரியாதையாச் சொல்லு" என்றார். நான் மரியாதையாக இரண்டு டீயையும் குடித்தேன்.

துரை இங்கிலீஷில் சொன்னார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மலைப்பாதை. ஜுரம். தங்குமிடம் என்று மூங்கில் தட்டியால் போட்ட ஒரு குடிசை. அத்திம்பேரால் அதற்கு மேல் நடக்கமுடியவில்லை. துரை அவரை அங்கே படுக்கவைத்து, ஒரு தண்ணீர் டின்னும் பிஸ்கட்டும் பக்கத்தில் வைத்து, மேலே போய் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு நடந்தார். மேலே போனதும் அவருக்கே ஜுரம். கண் விழித்தபோது வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"உயிரோட இருக்கானா, இல்லையா? அதைக் கேளு" என்றார் மூத்தவர்.

கேட்டேன். துரை பூனையைத் தடவினார். பின்னால் இன்னும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள், யாராவது தூக்கிப் போயிருக்கலாம், பாஸிபிள் என்றார். நான் சொன்னேன். மூத்தவர் தலையை ஆட்டி, "ஆனா?" என்றார். ஆனால் அந்தக் காட்டில் அந்த ஜுரம் வந்தவர்கள் பிழைப்பது அன்லைக்லி என்றார் துரை. "அப்போ?" என்றார் மூத்தவர். அப்போது ப்ராபப்ளி... என்று ஆரம்பித்துத் துரை நிறுத்தினார். மோஸ்ட் ப்ராபப்ளி என்றார். பிறகு அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டு பெர்ஹாப்ஸ் என்றார்.

நான் ஆயிரம் தடவை வரைந்த ஏணியில் ஒரு மனிதர் ஏறுவதையும் இறங்குவதையும் அன்றுதான் பார்த்தேன். போய்விட்டான் என்று சொன்னால், சாக விட்டுவிட்டு வந்தவர். இருக்கிறான் என்றால், யாரையும் திரும்ப அனுப்பாதவர். அவருக்கு நிற்க இடம் நடுப்படிகளில்தான் இருந்தது. மண்டிக்காரராகிய மூத்தவருக்கு அது புரியவில்லை. "என்னடா இது, வெங்காயத்துக்கு விலை சொல்றாப்பல ஏத்தி இறக்கிண்டிருக்கார்!" என்றார். பிறகு என்னை ஒதுக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தானே கேட்டார்: "சார், மை பிரதர். யெஸ்ஸா, நோவா?"

துரை பூனையை இறக்கிவிட்டு எழுந்தார். எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் தமிழில், மூத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"காத்து வருது, கதவு சாத்துன்னு சொல்லிச்சு உன் தம்பி. நான் சாத்தினேன். அது ஸர்ட்டன். அதுக்கு மேலே எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

மூத்தவர் கை கூப்பினார். துரையும் கை கூப்பினார், பழக்கமில்லாத கைகளால். நாங்கள் வெளியே வந்தோம்.

தெருமுனை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையல்ல, புரட்டாசி மாதத்துச் சாயங்கால மழை, இடியும் காற்றுமாக. ஒதுங்க ஒரு புளியமரம் கிடைத்தது. அது மழையைச் சேர்த்து வைத்துக் கொட்டியது. மூத்தவர் குடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சத்திரம் பஸ் நிலையத்தில் வண்டி மாறும்போது எங்கள் வேஷ்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் வாயைத் திறந்தார்.

"ப்ராபப்ளின்னா நம்ம பாஷையில என்ன?"

"அனேகமான்னு சொல்லலாம்."

ஆற்றைப் பார்த்தபடியே, "அனேகமாவுக்கு ஸ்நானம் உண்டா?" என்று கேட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டும். தாயாதி பங்காளி ஒருவரின் மரணச் செய்தி காதில் விழுந்தால், விழுந்த இடத்திலேயே எழுந்து போய், உடுத்திய துணியோடு முழுகவேண்டும். எத்தனை காலம் கழித்துக் கேட்டாலும் சரி. கேட்டவன் முழுகினால் செத்தவன் செத்தவன்தான். அதற்கப்புறம் அழுகை, தீட்டு, மற்றதெல்லாம் வரிசையாக வரும். முழுகாதவரையில் செய்தி வெறும் பேச்சு. அரை ஸ்நானம், கால் ஸ்நானம் என்று கிடையாது. என் ஏணியில் ஆறு படிகள் இருந்தன. காவிரியில் இரண்டே படி: மேலே நிற்கலாம், இல்லாவிட்டால் உள்ளே இறங்கலாம்.

"தெரியலை அண்ணா" என்றேன். பி.ஏ. படித்த பிறகு நான் சொன்ன முதல் நேர்மையான பதில் அதுவாக இருக்கலாம்.

"அம்மா மண்டபம் இறங்குறவங்க இறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினார்; காவிரிப் படித்துறை அங்கேதான். மூத்தவர் எழுந்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் இடத்தில் உட்கார்ந்தபடி அவருடைய முதுகையே பார்த்தேன். அவர் இறங்கினால் நானும் இறங்கவேண்டும். அவர் முழுகுவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அக்கா முகத்தைப் பார்க்கவேண்டும்.

"என்ன சாமி, இறங்குறீங்களா இல்லையா? ஒண்ணு சொல்லுங்க, வண்டி நிக்குது" என்றார் கண்டக்டர்.

"போகட்டும்" என்று மூத்தவர் உட்கார்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு மழை பெய்யவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவேயில்லை. தெருவில் புழுதி. வாசல்களில் சாயங்காலக் கோலம் கலையாமல் இருந்தது. அந்தக் காய்ந்த தெருவில், அக்கரைக்குத் துக்கமா சுகமா என்று கேட்டுவரப் போயிருந்த இரண்டு ஆண்பிள்ளைகள், உடுத்திய துணி உடம்போடு ஒட்டிக்கொள்ள, தலையில் தண்ணீர் சொட்ட, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடந்து வந்தோம்.

எதிர்வீட்டு மாமி எங்களைப் பார்த்தாள். வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ வேகமாக ரேடியோவை நிறுத்தினார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் செருப்பு மழையில் பிய்ந்துபோனதைத்தான் அனுதாபத்தோடு பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரேழியில் நுழைந்ததும் அக்காவின் மாமியார் எங்களைப் பார்த்தார். மூத்தவரின் ஈர வேஷ்டியைப் பார்த்தார்.

"தீர்த்தமாடிட்டு வந்துட்டியாடா? என் குழந்தை போயிட்டானாடா!"

அந்த அழுகையை எழுத எனக்குத் திறமை இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த அம்மாள் ரங்கூனில் இருக்கான், இருக்கான் என்று சொல்லி அடக்கி வைத்திருந்தது அது. நிமிஷத்தில் தெருப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். யாரோ அடுப்படிக்கு ஓடி அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொருத்தி, "வேண்டாம்டி, சுமங்கலிகள் யாரும் இப்போ அவ நெத்தியைப் பார்க்காதேங்கோ" என்றாள். கிளம்பும்போது உயிரோடும் இல்லாமலும் இருந்த அத்திம்பேர், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் செத்துப்போய்விட்டார்.

நான் என்னவோ சொல்ல முயன்றேன். மோஸ்ட் ப்ராபப்ளி, பெர்ஹாப்ஸ் என்றெல்லாம் என் வாயில் வந்தன. அந்த இரைச்சலில் அவற்றை வைக்க இடமில்லை.

மூத்தவர் ரேழியின் நடுவில் நின்றார். அவர் எதற்காக அத்தனை வருஷம் காத்திருந்தாரோ அது அவர் கேட்காமலேயே நடந்துவிட்டது. பேசாமல் நின்றாலே போதும். உருவம் எரியும், தம்பிக்குத் தண்ணீர் கிடைக்கும். பொய் சொன்னார் என்றுகூட யாரும் சொல்லமுடியாது.

அக்கா பெண்களின் கையை விடுவித்துக்கொண்டு வந்தாள். கையில் இட்லி மாவு. கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேரே அவர் எதிரில் வந்து நின்றாள். அவருடைய நெற்றியைப் பார்த்தாள். காலையில் இட்ட திருமண் மழையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. ஆனால் பாதி இன்னும் அப்படியே இருந்தது. ஆற்றில் முழுகியவன் நெற்றியில் அது தங்காது.

"குளிச்சேளா, நனைஞ்சேளா?" என்று கேட்டாள்.

அவருக்கு அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அழுகை நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். திருமண் பாதி இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள், நானும் பார்த்துவிட்டேன். ஆனால் அதை வைத்து எதுவும் ஆகப்போவதில்லை. அவர் வாயால் வரவேண்டும். அவர் தன் தாயாரைப் பார்த்தார், பிறகு மேலே எங்கேயோ பார்த்தார். எனக்கு அந்த மூங்கில் குடிசை ஞாபகம் வந்தது, கதவு சாத்தும் மனிதர் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கலாம்.

"நனைஞ்சோம்மா" என்றார். தூணுக்கு அல்ல. அவளுக்கு. "அக்கரையில நல்ல மழை. உன் தம்பிதான் குடை வேண்டாம்னான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உடனே அழுதார்கள். எதிர்வீட்டு மாமி, "இங்கே ஒரு பொட்டு விழலையே" என்று விட்டுக்கொடுக்காமல் முணுமுணுத்தாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன் இம்ப்ராபபிளுக்குக் கொள்ளி வெக்க! போய்த் தலையைத் துவட்டு" என்றாள். சொன்ன பிறகு அப்படியே ரேழியில் உட்கார்ந்தாள். மாவுக் கையைத் தரையில் ஊன்றியிருந்தாள். மாமியார் நகர்ந்து வந்து, அவள் தலையைத் தன் நார்மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் விரல் அவளுடைய வகிட்டில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த மஹாளய அமாவாசை வந்தது, போயிற்று. புரோகிதர் ஒருமுறை ஜாடையாக நினைவுபடுத்தினார். "எனக்குச் சந்தேகம் இருக்கு ஸ்வாமி" என்றார் மூத்தவர். சந்தேகத்தோடு கர்மா கூடாது என்று புரோகிதரும் ஒப்புக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். சந்தேகம் அந்த வீட்டில் ஒரு தூண் மாதிரி நின்றது. அதில் சாய்ந்துகொண்டு அக்கா என் ட்யூட்டோரியல் நோட்ஸைப் படித்து மெட்ரிகுலேஷன் எழுதினாள், பாஸ் செய்தாள், பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானாள். அவள் பாஸாவது எந்தப் படி என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஏணியை நான் வரைவதை நிறுத்திவிட்டிருந்தேன். வார்த்தைகளை ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போட்டேன், எது மேல் எது கீழ் என்று பையன்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்த வருஷம் உப்பிலியபுரத்து மீசைக்காரன் பாஸாகிவிட்டான்.

மூத்தவர் ஒவ்வொரு அமாவாசைக்கும் தர்ப்பணம் பண்ணினார். அப்பா பெயர், தாத்தா பெயர், எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக இறங்கும். எல்லாம் முடிந்த பிறகும் கையை உடனே கழுவமாட்டார். கொஞ்சம் எள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு உதறிவிட்டு எழுந்திருப்பார். தம்பிக்குச் சேரவேண்டியது அந்த எள் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

அறுபதுகளின் நடுவில் அவர் காலமானார். அதற்கு முன்பே அவருடைய தாயார் போய்விட்டார், கடைசிவரை ரங்கூன்ல இருக்கான் என்று சொல்லிக்கொண்டு. மூத்தவரின் மரணத்தில் எந்தப் படியும் கிடையாது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், ஸர்ட்டன். ஒன்றுவிட்ட பங்காளி ஒருவர் காரியங்களைச் செய்தார். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போனார்கள். துணைக்கு நானும் போய்ப் படிக்கட்டின் மேலே நின்றேன். இந்தத் தடவை குடை கொண்டுபோயிருந்தேன். வெயில் கொளுத்தியது.

அக்கா படியிறங்கி, உடுத்திய புடவையோடு முழுகினாள். அது மூத்தவருக்கு, எல்லாரும்போல. மற்றவர்கள் கரையேறத் தொடங்கினார்கள். அவள் ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் காவிரி அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முழுகினாள்.

மேலே வந்தபோது நான் அவளைக் கேட்டிருக்கலாம். "யாருக்கு?" என்று ஒரே வார்த்தை. அவள் பதில் சொல்லியிருப்பாள் என்றும் நினைக்கிறேன். நான் குடையை விரித்துப் பிடித்தேன்.

"வெயில்ல எதுக்குடா குடை?" என்றாள்.

"மழை வந்தாலும் வரும்."

ஈரப் புடவையோடு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து, துணி மாற்றி, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கூடத்துக் கண்ணாடி முன் நின்றாள். குங்குமச் சிமிழைத் திறந்து எப்போதும்போல் இட்டுக்கொண்டாள். அவள் கை நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பார்த்தது அவளுடைய முதுகை மட்டும்.